பிசினை நம்பிப் பறந்தவர்: நார்மன் டி புருயின்



ஆண்டு மலர் என்றால் எடிசன், விசுவேசுவரய்யா, ஜி.டி.நாயுடு ஆகிய மூவரில் ஒருவராவது கட்டாயம் இடம்பெற்றுவிடுவார். மூவரும் நாம் கைகூப்பி வணங்க வேண்டியவர்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மாறுதலுக்காக இந்த முறை, ஒட்டுப்பசைத் தொழிலில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற, நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு மேதையைப் பற்றி எழுதுகிறேன். கடையில் இரண்டு டியூபாக வாங்கி, சரிபாதி பிதுக்கிக் குழைத்து ஒட்டுகிறோமே அரால்டைட், அந்தப் பெயருக்குள் இவருடைய கம்பெனி ஒளிந்திருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வெல்டிங், ரிவெட், போல்ட் என்று நாம் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். இரும்போடு இரும்பைச் சேர்க்க அவை போதும். மரத்தையும் அலுமினியத்தையும் வெல்டிங் பண்ண முடியுமா? கண்ணாடியில் ரிவெட் அடிக்க முடியுமா? இனம் வேறான இரண்டு பொருள்களுக்கு நடக்கும் கலப்புத் திருமணம் அது. நடுவில் தாலியாக நிற்பது பசைதான்.

எங்கள் ஊர் கடலூர் முதுநகர். என் தாய்மாமா அங்கே ஃபைபர் படகு பழுது பார்க்கிறவர். படகின் பின்பலகையில்தான் மோட்டாரை மாட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க ஃபைபர் மாதிரி தெரியும். உள்ளே இருப்பது பிளைவுட். மரமும் ஃபைபரும் பிசினால்தான் சேர்ந்து நிற்கின்றன. போல்ட் துளை வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கினால் மரம் ஊறி, ஃபைபர் தோல் தனியாகக் கழன்றுவிடும். கரையில் கழன்றால் செலவோடு போகும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஓடுகிற மோட்டாரோடு கழன்றால்? ஒட்டு என்பது உயிர் விஷயம் என்று சின்ன வயசிலேயே எனக்குத் தெரிந்தது இப்படித்தான். அந்த விஷயத்துக்காகவே வாழ்ந்த ஒருவரின் கதை இது.

சிலியில் பிறப்பு, கேம்பிரிட்ஜில் படிப்பு

நார்மன் ஏட்ரியன் டி புருயின் 1904 நவம்பர் 8 அன்று, தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டின் புன்ட்டா அரீனாஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை டச்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். பள்ளிப்படிப்பு இங்கிலாந்தில். பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. நம்ம கணிதமேதை ராமானுஜன் இருந்தாரே, அதே டிரினிட்டிதான்.

அங்கே காவென்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரூதர்ஃபோர்டின் தலைமையில் ஆராய்ச்சி செய்தார். வலுவான மின்புலத்தை வைத்தால் குளிர்ந்த உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் எப்படி வெளியேறுகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1928-ல் டிரினிட்டியின் ஃபெல்லோ ஆனார். சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் அதே ஆய்வுக்கூடத்தில்தான், 1932-ல். அப்படிப்பட்ட இடத்தை விட்டு வெளியே வர யாருக்காவது மனசு வருமா? இவருக்கு வந்தது. காரணம், விமானப் பைத்தியம்! விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு, சொந்தமாக ஒன்று செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

1931-ல் கேம்பிரிட்ஜில் சிறிய விமானக் கம்பெனி தொடங்கினார். 1934-ல் அது டக்ஸ்ஃபோர்டு கிராமத்துக்கு இடம் மாறி, ஏரோ ரிசர்ச் லிமிடெட் ஆனது. அவர் வடிவமைத்த ஸ்னார்க் என்ற நாலு இருக்கை விமானம் அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பறந்தது. அதன் உடல் மரமும் பிளைவுட்டும். மேல்தோலே பாரம் தாங்கும்படி அமைத்திருந்தார். அதாவது, தோலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பசை விட்டால் விமானமே போச்சு. இந்த இடத்தில்தான் இயற்பியல் ஆராய்ச்சியாளர் பசையைத் திரும்பிப் பார்க்கிறார்.

பால்பசையிலிருந்து பிசினுக்கு

அந்தக் காலத்தில் விமான மரவேலைக்குப் பெரும்பாலும் கேசீன் பசை. கேசீன் என்றால் வேறொன்றுமில்லை, திரிந்த பாலிலிருந்து எடுக்கும் புரதம். நம்ம ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவார்களே, அதுவும் தோல், எலும்பிலிருந்து வருகிற புரதம்தான். காய்ந்த இடத்தில் இரண்டும் நன்றாகப் பிடிக்கும். ஈரம் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும்.

டி புருயின் 1937-ல் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் ஏரோலைட். ஒரு பலகையில் பிசினைத் தடவ வேண்டும். எதிர்ப்பலகையில் அமிலக் கடினமாக்கியைத் தடவ வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அப்போதுதான் இறுகத் தொடங்கும். பூஞ்சைக்கு அது உணவு ஆகாது. ஈரத்தையும் கேசீனைவிட நன்றாகத் தாங்கியது.

இன்னொரு புதுமையும் உண்டு. ஆளிச்செடியின் நாரை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, அழுத்திச் சூடாக்கி, கார்டன் ஏரோலைட் என்ற கூட்டுப்பொருளைச் செய்தார்கள். அலுமினியத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் 1940 வாக்கில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடலையே சோதனையாக அதில் செய்து பார்த்தார்கள். இன்று சணல் நார், வாழை நார் என்று புராஜெக்ட் செய்கிற நம் நண்பர்கள், தங்கள் முன்னோடி யார் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

உலோகம் வழிக்கு வந்த கதை

மரம் பசையைக் குடிக்கும். அதனால் ஒட்டுவது சுலபம். உலோகம் குடிக்காது. அதோடு இனம் வேறான பொருள்களுக்குள் இன்னொரு சண்டை உண்டு. 1 மீட்டர் நீள அலுமினியத்தை 50 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.6 மில்லிமீட்டர். மரம், நாரோட்டத்தில் பார்த்தால், கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் ஈரம் பட்டால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், உலோகம் உப்பாது. இந்த இழுபறியெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்ட பசையின் தலையில்தான் விழும். கண்ணாடி மாதிரி இறுகுகிற பசை பட்டென்று விரிந்துவிடும். ரப்பர் மாதிரி இளகிய பசை பாரம் ஏறினால் நழுவிவிடும்.

ஃபீனாலிக் பிசின் உலோகத்தை இறுகப் பிடிக்கும், ஆனால் நொறுங்கும் குணம். பாலிவினைல் ஃபார்மல் என்ற பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும் குணம். இரண்டையும் ஏன் ஜோடி சேர்க்கக் கூடாது? 1941-ல் டி புருயினும் ஜார்ஜ் நியூவெல்லும் அதைச் செய்து முடித்தார்கள். உலோகத்தில் திரவ ஃபீனாலிக்கைப் பூசி, அதன் மேல் பாலிவினைல் ஃபார்மல் பொடியைத் தூவி, 150 டிகிரி அளவு வெப்பத்தில் அழுத்திப் பிடிப்பது முறை. இறுகும்போது ஃபீனாலிக் நீராவியை வெளியேற்றும்; அழுத்தம் இல்லையென்றால் ஒட்டுக்குள் குமிழி விழும். ரிசர்ச், டக்ஸ்ஃபோர்டு என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு ரீடக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் அது பயன்பட்டது டாங்கிகளின் கிளட்ச் தட்டுகளில்.

கொஞ்சம் நிறுத்தி நம்ம ஊர்ப்பக்கம் பார்ப்போம். சிதம்பரம், கடலூர் வட்டாரத்தில் எந்தக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையை எடுத்தாலும் அஷ்டபந்தனம் என்ற சொல் இருக்கும். சிலையைப் பீடத்தோடு பிடிக்க வைக்கிற மருந்து அது. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு. இப்போது இன்ஜினியர் கண்ணோடு பாருங்கள். அரக்கும் குங்கிலியமும் இறுகப் பிடிக்கிற, ஆனால் நொறுங்குகிற பிசின்கள். மெழுகும் வெண்ணெயும் இளக்கம் கொடுப்பவை. சுக்கானும் காவியும் நிரப்புப் பொடி. பஞ்சு, நார் வலுவூட்டி. இதைக் கணக்காகச் சேர்த்து இடி இடியென்று இடித்துப் பதமாக்குவார்கள். இறுக்கமும் இளக்கமும் சேர்ந்தால்தான் ஒட்டு நிலைக்கும் என்ற ரகசியம் நம் பெரியவர்கள் கைக்கும் தெரிந்திருந்தது. டக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்துக்கும் தெரிந்திருந்தது. டி புருயினின் பெருமை என்னவென்றால், ஏன் என்று கேட்டு, அளந்து, விதியாக எழுதி வைத்தார்.

மறக்க முடியாத 1944

1944-ஆம் ஆண்டில் மூன்று சம்பவங்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இவர் வாழ்க்கையின் சாரம் கிடைத்துவிடும்.

முதலாவது, ஜூலை 28 அன்று டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ஹார்னெட் விமானம் பறந்தது. அதன் இறக்கையில் கீழ்த்தோல் அலுமினியக் கலவை, மேல் அமைப்பு மரம். இரண்டையும் சேர்த்தது ரீடக்ஸ். மரமும் உலோகமும் பிசினால் கைகோத்து வானத்தில் ஏறின!

இரண்டாவது, ஒட்டு மூட்டுகளின் வலிமை பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நமக்கு ரொம்ப உபயோகமான பகுதி இது. ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒட்டிய லேப் ஜாயிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி நிற்கும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வலிமையும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. இழுவிசையை ஒட்டின் இரண்டு முனைகளும்தான் பெரும்பாலும் சுமக்கின்றன. நடுப்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும். அகலத்தைக் கூட்டினால் வலிமை அதே விகிதத்தில் கூடும். நீளத்தைக் கூட்டினால் ஓர் அளவுக்கு மேல் பலனில்லை. தகட்டின் தடிமன் எண்ணின் வர்க்கமூலத்தை ஏறுநீளத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை அவர் மூட்டு எண்ணாக வைத்தார். அந்த எண்ணுக்கு எதிராக உடையும் சராசரித் தகைவைக் குறித்தால், பல அளவு மூட்டுகள் ஒரே வளைகோட்டில் வந்து விழுந்தன. நாலு துண்டைச் சோதித்தால் ஐந்தாவது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

இனம் வேறான பொருள்களில் இன்னும் ஒரு கணக்குச் சேரும். ஒன்று விறைப்பு, மற்றது இளக்கம் என்றால், இளகிய துண்டு இழுபடுகிற முனையில் தகைவு குவிந்துவிடும். ஆகவே இளகிய துண்டைத் தடிமனாக்கி விறைப்பைச் சமப்படுத்த வேண்டும். அல்லது ஓரத்தைச் சரிவாகச் சீவி விட வேண்டும்.

மூன்றாவது சம்பவம் நம் நாட்டில் நடந்தது. பர்மா போர்முனைக்காக இந்தியாவில் நிறுத்தியிருந்த மஸ்கிட்டோ விமானங்கள் சில, 1944 இறுதியில் அடுத்தடுத்து விழுந்தன. மஸ்கிட்டோ முழுக்க ஒட்டிய மரம்: பிர்ச் பிளைவுட், நடுவில் பால்சா. தொடக்கத்தில் கேசீனாலும், பின்னாளில் ஏரோலைட்டாலும் ஒட்டிச் செய்த விமானம். வெயிலும் மழைக்கால ஈரமும்தான் காரணம் என்று முதலில் பேச்சு. கம்பெனியிலிருந்து வந்த குழுவும், பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் பிறகு நடந்த விசாரணைகள் வேறு மாதிரி சொல்லின. தொழிற்சாலையில் செய்த ஒட்டு வேலையே சரியில்லை. இறக்கையின் தோலும் சட்டமும் சேரும் இடங்களில் பிடிப்பு இல்லை என்று கண்டார்கள்.

நண்பர்களே, இதை நாம் நன்றாக யோசிக்க வேண்டும். குற்றம் சரக்கில் இல்லை, செய்த கையில்! நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போல்ட் தளர்ந்தால் ஸ்பேனர் சொல்லும். வெல்டிங் கெட்டால் பல நேரம் கண்ணே சொல்லிவிடும். மூடிய ஒட்டுக்குள் என்ன நடந்தது என்று அதை மூடியவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தூசியைத் துடைக்காமல் மூடினால், அதன் விலையை எங்கோ வானத்தில் இன்னொருத்தன் கொடுக்கிறான்.

அதனால்தான் டி புருயினின் முறையில் பாதி வேலை ஒட்டுவதற்கு முன்னாலேயே நடந்தது. ரீடக்ஸ் போடுவதற்கு முன் அலுமினியத்தைக் குரோமிக், சல்ஃபூரிக் அமிலக் குளியலில் முக்கி எடுத்தார்கள். பசை பரவி நனைத்தால்தான் பிடிக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் பிடிக்காது. துருவத்தன்மை உள்ள பொருளுக்குத் துருவத்தன்மை உள்ள பசைதான் பொருந்தும் என்ற விதியையும் அவர் சொன்னார். வீட்டில் உடைந்த பிளாஸ்டிக் குடத்தை அரால்டைட் வைத்து ஒட்டினால் நிற்காமல், சூடு வைத்து உருக்கி ஒட்டுகிறார்களே, காரணம் இதுதான்.

பின்னாள் வாழ்க்கை

போர் முடிந்ததும் ரீடக்ஸ் பயணிகள் விமானங்களுக்கு வந்தது. 1945-ல் பறந்த டவ் விமானத்தில் உலோகத்தை உலோகத்தோடு ஒட்டினார்கள். அதன் ராணுவ வகையான டெவான் நம் விமானப்படையிலும் இருந்தது. 1948-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஜெட் விமானமான வாம்பயரின் உடல் பிளைவுட்டும் பால்சாவும் ஒட்டிச் செய்தது, இறக்கை உலோகம். பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் பிறகு உரிமம் பெற்று அதைத் தயாரித்தார்கள். 1949-ல் பறந்த உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட்டிலும் ரீடக்ஸ் நிறைய உண்டு. 1954-ல் இரண்டு கோமெட்கள் நடுவானில் சிதறியபோது கண்ட காரணம் உலோகச் சோர்வு. கேபின் தோலில் திறப்புகளின் ஓரத்தில், துளைகள் இருக்கும் இடத்தில் தகைவு குவிந்து விரிசல் விட்டது. துளை போட்டால் தகைவு குவியும், ஒட்டினால் பரவும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டாம்.

தேன்கூடு போன்ற அறைகளை இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டும் முறைக்கு அவர் 1938-லேயே காப்புரிமை எடுத்திருந்தார். இன்றைய விமானத்தின் தரைப்பலகை வரை அந்த வழி நீள்கிறது.

1940-களின் இறுதியில் ஏரோ ரிசர்ச் நிறுவனம் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தோடு சேர்ந்தது. எபாக்சி பிசினை இவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு சுவிஸ் வேதியியலாளர் பியர் காஸ்டனுக்கு. ஆனால் அந்த எபாக்சி பசை அரால்டைட் என்ற பெயரில் உலகைச் சுற்றியது. ஏரோ ரிசர்ச் லிமிடெட் என்பதன் முதல் எழுத்துகளான ஏ, ஆர், எல் மூன்றும்தான் அந்தப் பெயரின் உயிர்நாடி. ஒளிந்திருக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான்!

1960-ல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வுக்கூடக் கருவிகள் செய்யும் டெக்னே என்ற நிறுவனத்தை நடத்தினார். பின்னாளில் அமெரிக்காவில் வாழ்ந்தார். 1967-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ என்ற பெருமை கிடைத்தது. 1997 மார்ச்சில், 92 வயதில் மறைந்தார்.

நமக்கு என்ன கிடைக்கிறது?

மரத்தோடு அலுமினியப் பட்டையை ஒட்டி இழுத்துப் பார்ப்பதுதான் எங்கள் பேட்ச் இந்த ஆண்டு எடுத்த புராஜெக்ட். ஒரு தொகுதி அலுமினியத்தை வாங்கினபடி வழவழவென்று விட்டோம். இன்னொரு தொகுதியை உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, கை படாமல் ஒட்டினோம். பிசின் ஒன்றுதான். முதல் தொகுதியில் அலுமினியம் பளபளவென்று தனியே கழன்று வந்தது. இரண்டாவதில் பிசின் விடவில்லை, மரத்தின் நார் பிய்ந்துகொண்டு வந்தது. மரம் கிழிந்தால் ஒட்டு பாஸ், அலுமினியம் பளபளத்தால் ஒட்டு ஃபெயில் என்று எங்களுக்குள் ஒரு பேச்சே வந்துவிட்டது.

அவர் வாழ்க்கையிலிருந்தும் இந்தச் சோதனையிலிருந்தும் நான் எடுத்துக்கொண்டவை இவை:

1. தேய்த்துத் துடைத்த பிறகு நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருளாமல் தாள் போலப் படர்ந்தால் மேற்பரப்பு சுத்தம். ஈரத்தை முழுக்கக் காய வைத்து, தாமதிக்காமல் ஒட்டுங்கள்.

2. ஏறுநீளத்தை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். அகலத்தைக் கூட்டுங்கள், ஓரத்தைச் சீவுங்கள்.

3. தோலை உரிப்பது போன்ற விசை ஒட்டுக்கு எமன். நழுவும் விசை வருகிற மாதிரி மூட்டை அமையுங்கள்.

4. இனம் வேறு என்றால் வளைந்து கொடுக்கும் பசையைத் தேடுங்கள். பசையை ஒரேயடியாகப் பிழிந்து வெளியேற்றாமல் ஒரே சீரான மெல்லிய படலம் நிற்க விடுங்கள்.

5. கடலோரத்தில் ஓரங்களை அடைத்து மூடாத ஒட்டு ஒட்டே அல்ல. துளை போட்டால் அதையும் பிசினால் அடையுங்கள்.

என் மாமா பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். டி புருயின் பெயரை நான் சொல்லித்தான் கேட்டார். ஆனால் மழைக்காற்று அடிக்கிற நாளில் பிசின் டப்பாவைத் திறக்க மாட்டார். தேய்த்த இடத்தில் யாராவது விரல் வைத்தால் திரும்பவும் தேய்ப்பார். அவசரம் என்று படகுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் ஈரப்பலகை மேல் ஃபைபர் போட மாட்டார். உள்ளே மூடிப் போவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை.

டிப்ளமோ முடித்து நாம் போகப் போவது பெரும்பாலும் ஷாப் ஃப்ளோருக்குத்தான். வரைபடம் போடுகிறவர் வேறு யாராகவோ இருக்கலாம்; மூட்டை மூடுகிற கை நம்முடையது. டி புருயின் தான் ஒட்டச் சொன்ன விமானங்களை நம்பிப் பறக்க முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அவர் பிசின் மட்டும் அல்ல. பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளர்கள் தூசி துடைத்து ஒழுங்காக மூடியதும்தான். அந்தக் கைகளின் வரிசையில் நம் கைகளும் சேரட்டும்!

– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்